வேலை விளக்குகள்: பழைய ஒளியும் எல்.இ.டி. ஒளியும்



என் வகுப்பு மாணவர்களுள் ஏழு பேருடைய தந்தையர் இரவில் உழைப்பவர்கள். ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இருவர் சாலை செப்பனிடும் குழுவில் இருக்கின்றனர். ஒருவர் நடுவழியில் நின்றுபோன வாகனங்களை இழுத்துச் செல்லும் வண்டி வைத்திருக்கிறார். ஒருவர் 'பேக்கோ' எனப்படும் மண்வாரி இயந்திரத்தை இயக்குகிறார். மற்ற இருவரும் கட்டுமானத் தளத்தில் பணிபுரிகின்றனர். நாமும் நம் பிள்ளைகளும் உறங்கும் வேளையில் இவர்கள் விளக்கொளியை நம்பி இரும்பையும் மண்ணையும் கையாளுகின்றனர். அந்த விளக்குகளைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் லாரி விளக்குக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். நான் தமிழோடு அறிவியலும் கற்பிக்கிறேன். ஒளி என்னும் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவர் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அன்று, மண்வாரி ஓட்டும் அந்தத் தந்தை, மகனுடைய கணிதப் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்தபின் தயங்கியபடியே கேட்டார். "டீச்சர், எல்.இ.டி. மாத்திட்டா பகல் மாதிரி இருக்கும்னு கடையில சொல்றாங்க. நாலு விளக்கு போடணும். காசு செலவு பண்றதுக்கு அது உண்மையிலேயே நல்லதா?" அவருக்கு அன்று சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. விரிவான பதில் இது.

முதலில் ஒரு சொல். எல்.இ.டி.யைப் பாடநூல் தமிழில் 'ஒளி உமிழ் இருமுனையம்' என்பர். சொல் பொருத்தமானதுதான். ஆனால், பட்டறையில் போய் "நான்கு ஒளி உமிழ் இருமுனைய விளக்கு கொடுங்கள்" என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்! இங்கு எல்.இ.டி. என்றே எழுதுகிறேன்.

பழைய வேலை விளக்கு என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் ஹாலோஜன்தான். அதனுள் டங்ஸ்டன் இழை ஒன்று உள்ளது. மின்னோட்டம் அதனை ஏறத்தாழ 3000 கெல்வின் வரை சூடாக்குகிறது. சூடேறிய இழை ஒளிர்கிறது. குமிழுக்குள் அடைக்கப்பட்டுள்ள அயோடின் அல்லது புரோமின் வளிமம், இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கிறது. அதனால்தான் அது சாதாரணக் குண்டு விளக்கைவிடச் சிறிதாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறது. ஐரோப்பிய வாகனங்களின் முன்விளக்கில் ஹாலோஜன் குமிழ் 1962இல் புகுந்தது. வியப்பு என்னவென்றால், அதே 1962இல்தான் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். இரண்டு விளக்குகளுக்கும் ஒரே பிறந்த ஆண்டு! ஒன்று உடனே வேலைக்குப் போய்விட்டது. மற்றொன்று வெறும் சிவப்புப் புள்ளியாக வானொலிப் பெட்டியிலும் கணிப்பொறியிலும் பல்லாண்டுக் காலம் மின்னிக்கொண்டிருந்தது. நீல எல்.இ.டி. கிடைக்காதவரை வெள்ளை ஒளி வரவில்லை. அந்த நீலத்தைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வேலை விளக்கில் நாம் காணும் வெள்ளை ஒளி, நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிப் பெறப்படுவதே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். லுமென் என்பது அது வெளியிடும் மொத்த ஒளி. நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கருதுகிறோம். வாகன வேலை விளக்குகளில் பரவலாக உள்ள 'எச்3' வகை ஹாலோஜன் குமிழ் 12 வோல்ட்டில் 55 வாட் உண்டு, ஏறக்குறைய 1,450 லுமென் தருகிறது. வாட் ஒன்றுக்கு இருபத்தாறு லுமென். ஓரளவு தரமான எல்.இ.டி. விளக்கு வாட் ஒன்றுக்கு எண்பது முதல் நூறு லுமென் வரை தருகிறது. அப்படியானால் 27 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, பாதி மின்சாரத்தில் ஹாலோஜனைவிடக் கூடுதலான ஒளியைத் தந்துவிடும்.

நான்கு ஹாலோஜன் விளக்குகள் 220 வாட். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அவை இழுப்பது 18 ஆம்பியருக்கும் மேல். நான்கு எல்.இ.டி. விளக்குகள் 108 வாட், 9 ஆம்பியர். இயந்திரத்தை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டு வேலை செய்யும் இடங்களில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. மின்கலத்திலிருந்து 30 ஆம்பியர்-மணி வரை பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டால், ஹாலோஜன் ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாக எரியும், எல்.இ.டி. மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அதிகாலை மூன்று மணிக்கு ஆளில்லாத சாலையில் வண்டி கிளம்ப மறுத்தால் அதன் வேதனை ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

கட்டுமானத் தளத்திலும் இதே கதைதான். முக்காலியில் பொருத்தும் 500 வாட் ஹாலோஜன் விளக்கு ஏறத்தாழ 9,500 லுமென் தரும். 100 வாட் எல்.இ.டி. அதற்கு ஈடாகும். பத்து மணி நேரம் எரிந்தால் ஒன்றுக்கு 5 யூனிட், மற்றொன்றுக்கு 1 யூனிட். ஆனால், பெரிய ஒளிக்கோபுரங்களில் விற்பனையாளர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய கோபுரங்களில் 1000 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் நான்கு இருக்கும். ஒவ்வொன்றும் புதிதாக இருக்கையில் ஓர் இலட்சம் லுமென் அளவுக்கு ஒளி தரக்கூடியது. அதற்குப் பதிலாக 300 வாட் எல்.இ.டி. நான்கைப் பொருத்தி "அதே வெளிச்சம்" என்பார்கள். மொத்த லுமெனில் அது அதே வெளிச்சம் அன்று. எல்.இ.டி. ஒளியை வேண்டிய திசையில் மட்டும் செலுத்துவதால் வீணாவது குறைகிறது. மெட்டல் ஹாலைடு நாளடைவில் மங்கிவிடுகிறது. ஆகவே தரையில் பெரிய குறை தெரியாமல் போகலாம், அவ்வளவே. மெட்டல் ஹாலைடின் உண்மையான தொல்லை வேறு. அணைந்துவிட்டால், சூடு தணியும்வரை மீண்டும் எரியாது. பத்து, பதினைந்து நிமிடங்கள் கூட ஆகலாம். மின்னாக்கி ஒரு முறை இருமினால் போதும், குழிக்குள் நிற்பவன் அவ்வளவு நேரமும் இருளில் நிற்க வேண்டியதுதான். எல்.இ.டி. அந்தக் கணமே எரியும்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். 500 வாட் ஹாலோஜனின் முகக் கண்ணாடியைத் தொட்டுச் சுட்டுக்கொள்ளாத கட்டுமானத் தொழிலாளி அரிது. மரத்தூள், தாள், சாயத் துணி அருகில் இருந்தால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. எல்.இ.டி.யும் சூடாகும், ஆனால், அந்தச் சூடு முன்னால் வராமல் முதுகுப் பக்கம் போகிறது. பின்புறத்தில் அலுமினிய மடிப்புகள் இருப்பது அழகுக்காக அன்று, சூட்டைக் காற்றில் விடுவதற்காக. அந்த மடிப்புகளில் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் விளக்கின் ஆயுள் குறையும். கழுவும்போது முகத்தை மட்டும் துடைத்துவிட்டு முதுகை மறந்துவிடுகிறார்கள்.

அதிர்வைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. மண்வாரியின் வாளி பாறையில் மோதும் ஒவ்வொரு முறையும் ஹாலோஜனின் சூடான இழை நடுங்குகிறது. என்றாவது ஒரு நாள் அறுந்துவிடுகிறது. எல்.இ.டி.யில் அறுவதற்கு இழையே இல்லை.

அப்படியானால் பழைய விளக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவ்வளவு அவசரம் வேண்டா. ஹாலோஜன் குமிழ் கருகினால் ஓட்டுநரே திருகாணியைக் கழற்றிச் சில வெள்ளிக்கு வாங்கிய புதிய குமிழை மாட்டிக்கொள்ளலாம். விரல் படாமல் துணியால் பிடித்து மாட்ட வேண்டும் என்பது மட்டுமே விதி. கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் அந்தக் கண்ணாடி சூட்டில் கெட்டுவிடும். முழுவதும் மூடி ஒட்டப்பட்ட எல்.இ.டி. விளக்கோ, பழுதானால் அப்படியே மாற்றப்பட வேண்டியதுதான். அட்டையில் '50,000 மணி நேரம்' என்று இருக்கும். ஒளி எழுபது விழுக்காட்டிற்குக் குறையும்வரை ஆகும் காலத்தையே பொதுவாக அப்படிக் குறிக்கிறார்கள். அதுவும் சூடு கட்டுக்குள் இருந்தால்தான். உள்ளே உள்ள மின்னணுச் சுற்று அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்றுவிடுவதுண்டு. மேலும், மலிவான எல்.இ.டி. விளக்குகளின் மின்சுற்று வானொலியில் இரைச்சலை எழுப்பும். ஹாலோஜன் அத்தகைய குறும்பு எதையும் செய்வதில்லை. மழைக்காலத்தில் ஹாலோஜன் தன் சூட்டாலேயே கண்ணாடியின் உட்புற ஈரத்தைக் காய வைத்துக்கொள்ளும். சரியாக மூடப்படாத எல்.இ.டி.யில் நீர்த்திவலைகள் பல நாள் தங்கிவிடும்.

நிறத்தை நாம் கருதுவதே இல்லை. ஹாலோஜன் ஒளியில் நிறங்கள் இயல்பாகத் தெரியும். மலிவான எல்.இ.டி. ஒளியில் சிவப்பு மங்கித் தெரிகிறது; பழுப்பும் கருஞ்சிவப்பும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். மண் அள்ளுகிறவருக்கு அது பெரிய குறையன்று. மின்கம்பிகளைப் பிரித்தறிந்து இணைக்கிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. சுழலும் இரம்பத்தின் அருகே இன்னொரு சிக்கலும் உண்டு. தரங்குறைந்த எல்.இ.டி. விளக்குகள், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், சுழலும் தகடு நின்றுவிட்டதுபோலவோ மெதுவாகச் சுழல்வதுபோலவோ மாயத்தோற்றம் காட்டும். ஹாலோஜனின் இழை, சூடு ஆறுவதற்குள் மறுபடியும் சூடாகிவிடுவதால் இந்த ஏமாற்று அதில் மிகக் குறைவு.

என் தாயார் கெடாவில் பால்மரம் வெட்டியவர். பொழுது விடியுமுன் பெரட்டு முடிந்து நிரைக்குப் போய்விடுவார். இரவின் குளிர்ச்சி நீங்குமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். நெற்றியில் கார்பைட் விளக்கு. மேல் அறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள கால்சியம் கார்பைடின் மேல் விழும். அசெட்டிலீன் வளிமம் கிளம்பும். முனையில் சிறு வெண்சுடராக எரியும். நீரைக் கூட்டினால் சுடர் வளரும், குறைத்தால் சுருங்கும். பூண்டு வாடை போல் ஒரு நெடி வரும். அந்த நெடிதான் எங்கள் வீட்டின் விடியற்காலை. வேலை முடிந்து வந்ததும் அடியில் தங்கிய சுண்ணாம்புக் குழம்பை லயத்தின் பின்புறம் கொட்டுவார். இன்றைய அளவில் பார்த்தால் அது மிகச் சிறிய ஒளி. ஆயினும், அம்மா வெட்டுக் கோட்டைப் பிசகாமல் சீவினார். காரணம், ஒளி அவருடைய கத்தி முனையிலிருந்து ஓர் அடி, இரண்டடி தொலைவிலேயே இருந்தது. அவர் தலையைத் திருப்பிய பக்கம் அதுவும் திரும்பியது. எதிர் நிரையில் வேலை செய்தவர் கண்ணில் அது குத்தவில்லை.

இதனை என் மாணவர்களுக்கு எண்ணாலும் காட்டுவேன். சிறு விளக்கொன்றிலிருந்து பொருள் இருக்கும் தொலைவைப் பாதியாக்கினால், அதன்மேல் விழும் ஒளி நான்கு மடங்காகும். ஆறு மீட்டரில் இருக்கும் விளக்கை மூன்று மீட்டருக்குக் கொண்டுவந்தால், நான்கு விளக்கு வாங்கிய பயன் காசில்லாமலே கிடைக்கிறது. ஒரே பக்கத்திலிருந்து கொட்டும் பேரொளி குழியின் மறுபக்கத்தில் கன்னங்கரிய நிழலை உண்டாக்கும். இரண்டு பக்கமிருந்து வரும் மிதமான ஒளி அந்த நிழலைக் கரைத்துவிடும். மண்வாரி ஓட்டும் தந்தைக்கு நான் சொன்னதும் இதுதான். அவர் நான்குக்குப் பதில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் வாங்கினார், அகலமாகப் பரவும் ஒளியுடையவை. ஒன்றை வாளியின் கைக்கு அருகிலும் மற்றொன்றைப் பின்புறத்திலும் பொருத்திக்கொண்டார்.

இப்போது என் மனத்தை மிகவும் உறுத்தும் செய்திக்கு வருகிறேன். என் முன்னாள் மாணவன் ஒருவன், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். சாலையோரம் குழாய் பதிக்கும் வேலை. அங்கிருந்த வாகனத்தின் கூரையில் எல்.இ.டி. விளக்குத் தண்டு ஒன்று, குழியை நோக்காமல் சாலையை நோக்கி எரிந்துகொண்டிருந்தது. அவனுக்கு எதிரே வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தடுப்புக் கூம்புகளை இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தான். கை முறிந்தது, உயிர் தப்பியது. மருத்துவமனையில் அவன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "டீச்சர், இருட்டா இருந்திருந்தாகூட நான் மெதுவா போயிருப்பேன்."

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண் கூசி மூன்று நொடி பார்வை தடுமாறினால், ஐம்பது மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். எல்.இ.டி.யின் ஒளி மிகச் சிறிய பரப்பிலிருந்து பீறிட்டு வருகிறது. அதனால் நேராகப் பார்ப்பவர் கண்ணை ஊசிபோல் குத்துகிறது. நீலம் மிகுந்த 6000 கெல்வின் ஒளி அந்தக் கூச்சத்தை இன்னும் கூட்டும். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் ஒளி சிதறுவதும் கூடுவதால், நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்களின் பாடு பெரும்பாடு. விளக்கை வாங்குகிறவருக்கு அதன் கூச்சம் தெரிவதில்லை, அவர் அதன் பின்னால் அல்லவா இருக்கிறார்!

ஆதலால், பெற்றோர்களே, விளக்கை உயரமாகப் பொருத்திக் கீழ்நோக்கிச் சாயுங்கள். வாகனங்கள் வரும் திசைக்கு அதன் முகம் திரும்பியிருக்கிறதா என்பதை, நீங்களே சாலையில் ஐம்பது மீட்டர் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். வேலை விளக்குக்குத் தனி விசை வையுங்கள். வண்டி சாலையில் ஓடும்போது அது அணைந்திருக்க வேண்டும். ஹாலோஜனுக்கென வடிவமைத்த முன்விளக்குக் கூட்டில் எல்.இ.டி. குமிழைச் செருகுவதைத் தவிருங்கள். அந்தக் கூட்டின் வளைவு, இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கதிர் எதிரே வருபவர் கண்ணுக்குப் போய்விடும். சாலைப் போக்குவரத்துத் துறை இத்தகைய மாற்றங்களின்மேல் நடவடிக்கை எடுப்பது இதனால்தான். மூடுபனிக்கு மஞ்சள் ஒளிதான் ஏற்றது என்றொரு நம்பிக்கை லாரி ஓட்டுநர்களிடையே உண்டு. பனித்துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவை. ஆதலால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோல்தான் சிதறடிக்கின்றன. நிறத்தைவிட விளக்கைத் தாழ்வாகப் பொருத்துவதே அங்குக் கூடுதலாக உதவும்.

வாங்கும்போது அட்டையில் வாட்டை மட்டும் பார்க்காமல் லுமெனைப் பாருங்கள். 10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கென்றால் காருக்கும் லாரிக்கும் பொருந்தும். 'ஐ.பி.67' என்றிருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். உயரழுத்த நீரால் வண்டியைக் கழுவுகிறவர்களுக்கு 'ஐ.பி.69கே' வேண்டும்.

இதனை வகுப்பில் ஒரு நடவடிக்கையாகவே செய்தோம். வீட்டில் உள்ள விளக்குகளின் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். லுமெனை வாட்டால் வகுத்து அட்டவணை எழுதினர். வகுத்தலை வெறுக்கும் பிள்ளைகள்கூட அன்று மணி அடித்ததைக் கவனிக்கவில்லை. இழுவை வண்டிக்காரரின் மகள், இரவுச் சந்தையில் அப்பா வாங்கிய விளக்கின் அட்டையைக் கொண்டு வந்திருந்தாள். '300 வாட்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. மறுநாள் விளக்கையும் கொண்டுவரச் சொல்லி, 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்து மின்னோட்டத்தை அளந்து காட்டினேன். அளவி காட்டியது 2 ஆம்பியர். பன்னிரண்டை இரண்டால் பெருக்கி 24 என்று கரும்பலகையில் எழுதியவள், சற்று நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அட்டவணையில் 300ஐ அடித்துவிட்டு 24 என்று எழுதி, "அப்பாக்கிட்ட காட்டணும்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.